சொந்தக் குளத்தில் பெருங்கொடுவா வளர்த்தல்

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதை நம் முன்னோர் மச்ச நியாயம் என்று பெயரிட்டு, அரசன் இல்லாத நாட்டிற்கு உவமையாக எடுத்துக் காட்டினர். அந்த நியாயம் நாட்டிற்கு ஆகாததே. ஆனால் கொடுவா மீன் வளர்க்க விரும்புவோர் நாள்தோறும் அதனோடு வாழ வேண்டியவராகின்றனர். அதனை அறிந்து ஆள்பவர்க்கு லாபமும், அறியாமற் குஞ்சு விடுவோர்க்கு நஷ்டமும் உண்டாகின்றன. இவ்விரண்டையும் நேரிற் கண்டவனாதலின், நம் குடியானவர்களுக்குப் பயன்படும் பொருட்டு இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுதத் துணிந்தேன்.

நான் பயிர்த்தொழிலைச் செய்து காட்டுவதற்கென நியமிக்கப்பட்ட உத்தியோகஸ்தன். மீன் வளர்ப்பு என் சொந்தத் துறையன்று. ஆயினும் கொள்ளிடமும் வெள்ளாறும் கடலோடு கலக்கும் பக்கத்துக் கடைமடைக் கிராமங்களில் சுற்றுப்பயணம் செய்யும்போதெல்லாம், உப்புப் பூத்து நெல்லுக்கு உதவாமற் கிடக்கும் நிலங்களை என்ன செய்வதென்று குடியானவர்கள் என்னைக் கேட்பதுண்டு. 1994, 1995 ஆம் ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் கண்டு இறால் சாகுபடி பெரிதும் கெட்டது. அதன்பின் கைவிடப்பட்ட குளங்களும் பலவாம். அத்தகைய குளங்களுக்கு ஏற்ற மீன்களுள் கொடுவா முதன்மையானது. நல்ல விலை பெறுவது. முள் குறைந்து சதை மிகுந்தது. உப்பு நீர், நன்னீர் இரண்டிலும் வாழவல்லது.

மீனின் இயல்பு

கொடுவாவை மலையாள நாட்டார் காளாஞ்சி என்பர். வங்காளத்தார் பேட்கி என்பர். ஆஸ்திரேலிய நாட்டார் பாரமண்டி என்று வழங்குவர். ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்பது இதன் பெயர். இது முகத்துவாரங்களை அடுத்த உப்பு நீரில் முட்டையிடும். குஞ்சுகள் கழிகளிலும் காயல்களிலும் புகுந்து வளர்ந்து, ஆற்றின் மேற்பகுதி வரையிலும் ஏறிச் செல்லும். இனப்பெருக்கத்திற்கு மீண்டும் கடல்நோக்கி இறங்கும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் சென்றபின் பெண்ணாக மாறுவது இம்மீனின் விசேஷம். நன்னீர்க் குளத்தில் இது வளருமேயன்றி இனம் பெருக்காது. ஆகவே எத்தனை குஞ்சு விட்டோமோ அதற்குமேல் ஒன்றேனும் கூடாது, குறையத்தான் கூடும். இதனை மனத்தில் இருத்துதல் மிகவும் அவசியம்.

இது இரை தின்னி. வாய் அகன்றது. இளம் பருவத்தில் தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குள்ள மீனையும் விழுங்கிவிடும். வளர்ந்தபின்னும் தன் நீளத்திற் பாதியுள்ள மீனை எளிதில் விழுங்கும். அவ்விரை வேற்றினமா, தன் உடன்பிறப்பா என்று பார்ப்பதில்லை. மூன்று அங்குலக் குஞ்சும் இரண்டு அங்குலக் குஞ்சும் ஒரே தொட்டியில் இருந்தால், நாளடைவில் பெரியதே எஞ்சும். வசதியான நீரும் போதிய இரையும் கிடைக்குமாயின் 2 அல்லது 3 ஆண்டுகளில் 3 முதல் 5 கிலோ எடையை எட்டக்கூடிய மீன் இது.

நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் கடைமடைக் கிராமம் ஒன்றில் ஒரு குடியானவர் தம் ஒரு ஏக்கர் குளத்தில் கொடுவா விட எண்ணி என்னிடம் யோசனை கேட்டார். கழிமுகத்தில் வலை வீசுவோரிடம் குஞ்சுகள் கிடைத்தன. விரற்கடை அளவும் இருந்தன. சாண் அளவும் இருந்தன. அவர் தயங்கினார். “பெரியவை முந்தி வளரும், சிறியவை பின்னால் வளரும், முன்னும் பின்னுமாக விற்கலாம்” என்று நான் கூறினேன். நெல் நாற்றுக்குச் சொல்லத்தக்கதை மீனுக்குச் சொல்லிவிட்டேன். என் சொல்லை நம்பி, மனைவியின் நகையை அடகு வைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளை வாங்கி விட்டார். எட்டு மாதம் கழித்துக் குளத்தை இறைத்தபோது நூறு மீன்கூடத் தேறவில்லை. தேறியவை பருத்தவையே; ஆனால் அவற்றின் விலை குஞ்சு வாங்கிய பணத்திற்கே போதவில்லை. மீன் களவு போயிற்றென்று ஊரார் கூறினர். ஒரு மீனின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்ததும் கொடுவாவே. களவு நடந்தது குளத்திற்குள்ளேதான் என்பதை நாங்கள் இருவரும் பேசாமல் அறிந்துகொண்டோம்.

அவர் என்மேற் கோபிக்கவில்லை. “ஐயா, அடுத்த முறை சரியாகச் சொல்லுங்கள்” என்ற ஒரு வார்த்தையே சொன்னார். அதற்குப் பின்னரே நான் மீன்வளத் துறையினரையும், குஞ்சு பொரிப்பகங்களையும், நன்றாக வளர்த்து வருவோரையும் நாடிக் கற்றுக்கொண்டேன். கற்றவற்றின் சாரம் மூன்றே: குஞ்சு ஒரே அளவாய் இருத்தல் வேண்டும்; எண்ணிக்கை அளவோடு இருத்தல் வேண்டும்; தன்னினும் சிறிய இரை எப்பொழுதும் குளத்தில் இருத்தல் வேண்டும். பின்வரும் யாவும் இம்மூன்றின் விரிவேயாம்.

குளத்தைச் சீர்செய்தல்

குளம் அரை ஏக்கர் முதல் ஒன்றிரண்டு ஏக்கர் வரை இருப்பின் மேற்பார்வைக்கு எளிது. நீரின் ஆழம் 4 அடி முதல் 5 அடி வரை நிற்றல் வேண்டும். தரை வடிமடையை நோக்கிச் சரிந்து, ஒரு சொட்டும் நில்லாமல் வடியத்தக்கதாய் இருத்தல் நலம். முதலில் நீரை முற்றும் வடித்து, தரை வெடிக்கும் வரை வெயிலிற் காயவிடுக. மண்ணைச் சோதித்து, புளிப்பு இருப்பின் தக்க அளவு சுண்ணாம்பு இடுக. வடிக்க இயலாத பள்ளங்களில் விரால், கெளிறு முதலியன ஒளிந்திருந்து குஞ்சுகளை அழிக்கும். அங்கே இலுப்பைப் பிண்ணாக்கை இடலாம். ஏக்கர் ஒன்றுக்கு மூன்றேகால் அடி ஆழ நீருக்கு 1,000 கிலோ என்பது கணக்கு. தேங்கிய நீரின் அளவிற்கேற்பக் குறைத்துக்கொள்க. இதன் நஞ்சு தணிய 2, 3 வாரங்கள் ஆகுமாதலின் அதற்குமுன் குஞ்சு விடலாகாது. நீர் பாய்ச்சும் மடையிற் சிறுகண் வலை கட்டுதல் கட்டாயம்.

நீரின் பி.எச். அளவு 7.5 முதல் 8.5 வரையும், வெப்பம் 26 முதல் 32 டிகிரி வரையும் இருப்பது உத்தமம். மார்கழி, தைக் குளிரில் மீன் இரை எடுப்பது குறைவதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அக்காலத்தில் தீவனத்தைக் குறைத்தாற் போதும். ஆனால் விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமாயின், நீரிற் பிராணவாயு குறைந்தது என்று உணர்ந்து, உடனே புதுநீர் பாய்ச்சுக. அல்லது இறால் வளர்ப்போர் வைத்திருக்கும் துடுப்புச் சக்கரத்தை ஓட்டுக. அன்று தீவனம் இடாதிருத்தல் நன்று.

குஞ்சு தேர்தலும் பிரித்தலும்

முன்னாளில் கழிமுகத்திற் பிடிபடும் குஞ்சுகளையே நம்பியிருந்தோம். தாய்லாந்து நாட்டார் 1970-களின் தொடக்கத்தில் கொடுவாவைச் செயற்கை முறையிற் குஞ்சு பொரிப்பித்தனர். நம் நாட்டில் 1997-ஆம் ஆண்டு சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் அடைத்து வளர்த்த தாய்மீன்களிலிருந்து குஞ்சு எடுத்து வெற்றி கண்டனர். அந்நிலையத்தின் சோதனைப் பண்ணை முட்டுக்காட்டில் இருக்கின்றது. ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சீர்காழிக்கு அருகிலுள்ள தொடுவாயில் கொடுவாக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றை நிறுவிற்று. பொரிப்பகத்துக் குஞ்சுகள் ஒரே வயதினவாதலின் அவற்றை வாங்குவதே சிறந்தது.

ஒரே வயதினவாயினும் ஒரே அளவாக வளர்வதில்லை என்பதை மறத்தலாகாது. அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரையுள்ள குஞ்சுகளை நேரே பெருங்குளத்தில் விடாமல், சிறு நாற்றங்காற் குளத்திலோ, குளத்திற்குள்ளேயே கட்டிய ஹாப்பா என்னும் சிறுகண் வலைத்தொட்டிகளிலோ வளர்த்தல் வேண்டும். 5 நாள் முதல் 7 நாளைக்கு ஒருமுறை அவற்றை வாரி, பெரியவை, நடுத்தரமானவை, சிறியவை என்று மூன்றாகப் பிரித்து வேறு வேறு தொட்டிகளில் விடுக. துளையிட்ட பிளாஸ்டிக் தட்டுகளைக்கொண்டு பிரித்தால் கை படாமல் வேலை முடியும். வெயில் ஏறுமுன் காலையிற் செய்க. பெண்டிர் நாற்றுக் கட்டுவதுபோன்ற பொறுமை இவ்வேலைக்கு வேண்டும். ஒரு வாரம் தவறினால், அவ்வாரத்திற் குறைந்த குஞ்சுகளின் விலை கூலியினும் பன்மடங்கு என்று கணக்கிட்டுக்கொள்க.

இவ்வாறு 30 முதல் 45 நாட்களில் குஞ்சுகள் 3 அங்குலம் முதல் 4 அங்குலம் வரை வளரும். அப்போது ஒரே அளவுள்ளவற்றை எண்ணிப் பெருங்குளத்தில் விடலாம். நன்னீர்ப் பண்ணைக்குட்டையில் விட எண்ணுவோர், உப்பு நீரிலிருந்து எடுத்தவுடன் விடாமல், சில நாட்களில் நன்னீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கியபின் விடுதல் வேண்டும்.

இரையும் எண்ணிக்கையும்

இங்கு அமெரிக்க நாட்டு அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். அந்நாட்டின் தென்பகுதியில் குடியானவர்கள் தத்தம் நிலத்திற் குளம் வெட்டி, பெருவாய் பாஸ் என்னும் இரைதின்னி மீனையும், அதற்கு இரையாகப் புளூகில் என்னும் சிறுமீனையும் விடுவது வழக்கம். அந்த பாஸ் கொடுவாவுக்கு உறவினம் அன்று. எனினும் குணம் ஒன்றே. அலபாமா மாநிலத்து ஆபர்ன் நகர விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஹோமர் ஸ்விங்கிள் என்பவர் 1930-களில் தொடங்கிப் பல குளங்களை இறைத்து, மீன்களை நிறுத்துப் பார்த்து, 1950-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். இரைதின்னி 1 பவுண்டுக்கு இரைமீன் 3 பவுண்டு முதல் 6 பவுண்டு வரை இருக்கும் குளமே நன்கு சமநிலைப்பட்டது என்பது அவர் கண்டது. இரைமீன் மிகுந்தால் அது நெருங்கிச் சிறுத்துக் குளத்தை அடைத்துவிடும். இரைதின்னி மிகுந்தால் அது பசித்து மெலியும். ஒரு குளம் தாங்கும் மீன் எடைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெடை ஆயிரம் மீன்களாகப் பிரிந்தால் யாவும் சிறியன, நூறு மீன்களாகப் பிரிந்தால் யாவும் பெரியன. நெருக்கி நட்ட பயிர் தூர் கட்டாமற் போவதை அறிந்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நம் பக்கத்தில் இரைமீனாகத் தக்கது சிலேபி. இஃது ஆப்பிரிக்க நாட்டு மீன்; 1952-இல் இந்நாட்டிற்குக் கொணரப்பட்டு இன்று பெரும்பாலான நீர்நிலைகளிற் பரவிவிட்டது. உப்பு நீரிலும் குஞ்சு பொரிக்கும்; வாயில் வைத்துக் காக்கும்; தனியே விட்டாற் குளமெங்கும் விரற்கடைச் சிலேபியாகவே நிறைந்து விலைபோகாது. கொடுவா இருக்கும் குளத்தில் இந்தத் தொல்லையே இரையாக மாறுகின்றது. ஆனால் இம்மீன் இன்னும் புகாத ஓடையிலோ ஏரியிலோ இது தப்பிச் செல்ல இடங்கொடுத்தல் பெருந்தவறு. மடைவலை இதற்காகவும் வேண்டும்.

செய்முறை வருமாறு: சீர்செய்த குளத்தில் ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ கோழி எரு இட்டு, நீரைச் சிறுகச் சிறுக ஏற்றி, நீர் பசுமை கொண்டபின், ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 வரை வளர்ந்த சிலேபியை, ஆண் ஒன்றுக்குப் பெண் மூன்றாக விடுக. ஒன்றிரண்டு மாதத்திற் குஞ்சு பெருகும். பெருகியது கண்ட பின்னரே, ஏக்கருக்கு 1,200 முதல் 2,000 வரை கொடுவாக் குஞ்சுகளை விடுக. இரை முந்துக, தின்பது பிந்துக. கட்லா, ரோகு முதலியவற்றின் குஞ்சு உள்ள குளத்திற் கொடுவாவை விடுதல் ஒருபோதும் கூடாது.

இத்தனை கொடுவாவுக்குச் சிலேபி மட்டும் போதாது. காரப்பொடி, சூடை முதலிய மலிவு மீன்களை நறுக்கியோ, கடையில் விற்கும் மிதக்கும் தீவனத்தையோ நாளைக்கு இருமுறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இடுக. மலிவு மீனாயின் தொடக்கத்தில் குளத்திலுள்ள கொடுவாவின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்தும், வளர்ந்தபின் நூற்றுக்கு ஐந்தும் என்பது அளவு. கொடுவா அசையும் இரையையே விரும்பிப் பாயும். அடியில் தங்கியதை எடுப்பது அரிது. ஆகவே சிறிது சிறிதாக வீசி, பாய்ச்சல் ஓய்ந்தவுடன் நிறுத்துக. மிஞ்சிய தீவனம் அழுகிக் குளத்தையும் கெடுக்கும், கைப்பொருளையும் கெடுக்கும். மாதம் ஒருமுறை வலைவீசிச் சில மீன்களை நிறுத்துப் பார்த்து அளவைத் திருத்துக. ஒருசில மட்டும் மிகப் பருத்திருப்பின் அவற்றை அன்றே பிடித்து விற்றுவிடுக. அவை அங்கே மற்றவற்றைத் தின்றே பருக்கின்றன.

பிடித்தலும் நிறுத்தலும்

மீன் 700 கிராம் முதல் 1,200 கிராம் வரை வந்ததும் பெரும்பகுதியைப் பிடித்து விற்பதே பொதுவாக லாபகரமானது. பெருமீன் வேண்டுவோர் இச்சமயத்திற்றான் மனவுறுதி காட்டுதல் வேண்டும். ஒத்த அளவுள்ள நல்ல மீன்களாக ஏக்கருக்கு 100 அல்லது 150 மட்டும் நிறுத்தி, ஏனையவற்றை நீக்கிவிடுக என்பது என் யோசனை. காரணம் கூறுவேன். கொடுவாவின் உடலில் ஒரு கிலோ ஏறுவதற்கு 4, 5 கிலோ பச்சை மீன் இரையாகின்றது. 150 மீன்கள் ஓராண்டில் ஒன்றரைக் கிலோ வீதம் ஏறுவதாகக் கொள்வோமாயின், 225 கிலோ வளர்ச்சிக்கு 1,000 கிலோ அளவு இரைமீன் வேண்டும். எருவிட்டுப் பேணிய குளத்தில் இதற்குமேல் எதிர்பார்த்தல் தகாது. 500 மீன்களை நிறுத்தினால் இரை பற்றாது. யாவும் மெலிந்து, பெருமீனும் இல்லை, முன்னரே விற்ற பணமும் இல்லை என்றாகிவிடும்.

பிறர்க்குத் தீங்கின்றிச் செய்தல்

கடற்கரைப் பகுதியில் உப்பு நீர் கொண்டு மீன் வளர்ப்போர், 2005-ஆம் ஆண்டுக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். அதனினும் மேலாக நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று. நல்ல நஞ்சையை வெட்டி உப்பு நீர் நிரப்பாதீர்கள். பக்கத்து வயலில் உப்பு கசியுமாறு கரை போடாதீர்கள். குளத்து நீரைப் பாசன வாய்க்காலில் வடிக்காதீர்கள். உப்பேறிய வயலை மீட்பது எத்தனை பாடு என்பதை வாழ்நாளெல்லாம் கண்டு வருபவன் நான். முன்னமே உப்பேறிக் கிடக்கும் நிலத்திற்கே உவர்நீர்க் குளம் உரியது. நஞ்சைக்காரருக்குக் கொடுவா வேண்டுமாயின், நன்னீர்ப் பண்ணைக்குட்டையில் வளர்க்கலாம். அது நன்றாகவே வளரும்.

முடிவு

முற்கூறிய குடியானவர் மறு ஆண்டு பொரிப்பகத்துக் குஞ்சு வாங்கினார். அடகுக் கடனில் ஒரு பகுதி இன்னும் நின்றமையால் இம்முறை குறைந்த எண்ணிக்கையே வாங்க முடிந்தது. அதுவே நன்மையாக முடிந்தது. வாரந்தோறும் அவரும் அவர் மனைவியாரும் வலைத்தொட்டியின் இருபுறமும் அமர்ந்து குஞ்சு பிரித்ததை நான் பலமுறை கண்டேன். குளத்தை இறைத்த அன்று, விட்டதில் பாதிக்கு மேல் தேறிற்று. அனைத்தும் ஏறக்குறைய ஒரே அளவு. அடகு வைத்த நகை வீடு திரும்பியது. நிறுத்தி வைத்த சில மீன்கள் மேலும் ஓராண்டு வளர்ந்து, இரு கையாலும் தூக்கத்தக்கனவாயின.

அவர் எனக்கு ஒரு மீன் கொடுக்க வந்தார். உத்தியோகஸ்தன் வாங்கலாகாது என்று மறுத்தேன். “இது மீனுக்காக அன்று, முதல் வருஷம் மறைக்காமல் தப்பை ஒப்புக்கொண்டீர்களே, அதற்காக” என்றார். மீனை வாங்கவில்லை; அவ்வார்த்தையை மட்டும் பெற்றுக்கொண்டு வந்தேன். இக்கட்டுரையில் என் பிழையை முதலில் எழுதியதும் அதனாலேயே. கொடுவா வளர்க்க எண்ணும் அன்பர்கள், குஞ்சு வாங்குமுன் அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்திற் குளத்து நீரையும் மண்ணையும் பற்றி விசாரித்து, அளவொத்த குஞ்சை அளவோடு விட்டு, இரையை முன்னதாகவே தயார் செய்து, அச்சமின்றி இத்தொழிலில் இறங்கலாம்.